நான்காம் தொட்டியில் ஒரு காலி இடம்

பீப்... பீப்... பீப்...

சுவரில் சிவப்பு விளக்கு சுழன்று சுழன்று எரிந்தது. "அறையில் ஆக்சிஜன் குறைகிறது. உடனே வெளியேறவும்" என்று கூரையிலிருந்து ஒரு பெண் குரல், பஸ் நிலையத்து அறிவிப்பைப் போல அலுப்போடு சொன்னது.

நான்காம் தொட்டியின் மூடியைத் திறந்து உள்ளே வெளிச்சம் அடித்துக்கொண்டிருந்த சிக்ரிட் தோர்சன், டார்ச்சை அணைத்தாள். தொட்டியிலிருந்து வெள்ளைப் புகை வழிந்து அவள் பூட்ஸை நனைத்தது. ஐம்பத்தெட்டு வயது. இருபத்தாறு வருடம் ரயில்வே துப்பறிவாளர், பிறகு சொந்த ஆபீஸ். அவளுக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டாள். மூக்கு நுனி மட்டும் சிவக்கும். இப்போது சிவந்திருந்தது.

"இன்னிக்கு மூணாவது தடவை, பாஸ்," என்றான் உதவியாளன் ரெமி. "இந்தக் குரலுக்கு நம்மளக் கண்டாலே ஆகல."

"கோட்டை எடு."

"எடுக்கக் கூடாதாம். அப்படியே ஓடணுமாம். உள்ள மூச்சு முட்டிச் சாகறதா, வெளிய விறைச்சுச் சாகறதா, அதை நாமளே முடிவு பண்ணிக்கலாம். சுதந்திர நாடு."

இரண்டே நிமிடத்தில் அந்த ரத்த செல் ஆய்வுக்கூடத்தின் பத்துப் பேரும் இவர்கள் இருவரும் பின்பக்கக் கார் நிறுத்தத்தில் நின்றார்கள். வினிபெக் நகரத்துப் பிப்ரவரி. மைனஸ் முப்பத்தொன்று. எஞ்சின் உறையாமலிருக்க, ஒவ்வொரு காரின் மூக்கிலிருந்தும் ஒரு மின்வயர் கம்பத்துக்கு ஓடியது.

"காருக்கு இருக்கிற மரியாதை கூட மனுஷனுக்கு இல்ல," என்றான் ரெமி, பற்கள் தந்தியடிக்க.

காவலாளி லெஸ்டர் அட்டையில் செருகிய தாளோடு வந்தார். அவர் மட்டும் உரோமத் தொப்பி, கையுறை சகிதம் இருந்தார். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு, முகத்தைப் பார்த்து, டிக் அடித்து, பக்கத்தில் நேரத்தையும் எழுதினார். பன்னிரண்டு பேர்.

"லெஸ்டர், நெஜமாவே ஆக்சிஜன் குறையுதா?" என்று கேட்டாள் சிக்ரிட்.

"இல்ல மேடம். மோப்பக் கருவி கெட்டுப் போச்சு. ஜனவரி பதினாலாம் தேதியில இருந்து இதே கூத்து. மொத நாளு நிறுத்தத் தெரியாம முக்கா மணி நேரம் எல்லாரையும் இங்க நிக்க வெச்சேன். புதுக் கருவிக்கு எழுதிப் போட்டாச்சு. வரும்."

"எப்போ?"

"அதான் சொல்றேனே, வரும்."

சிக்ரிட் தெருவுக்கு அந்தப் பக்கம் இருந்த மருத்துவமனைக் கட்டடத்தை நிமிர்ந்து பார்த்தாள். ஆறாவது மாடியில் ஒரு ஜன்னல். அந்த ஜன்னலுக்கு உள்ளே ஓரெஸ்ட் பாவ்லிக் படுத்திருந்தான்.

ஓரெஸ்ட் நகர பஸ் டிரைவர். ஐம்பத்திரண்டு வயது. ரத்தப் புற்றுநோய். எல்லா மருந்தையும் பார்த்துவிட்டார்கள், எதுவும் கேட்கவில்லை. மிச்சமிருந்த ஒரே வழி இந்த ஆய்வுக்கூடத்தின் புது சிகிச்சை. அவன் ரத்தத்திலிருந்தே சண்டைக்கார செல்களைப் பிரித்தெடுத்து, புற்றுநோயை அடையாளம் கண்டு அடிக்க அவற்றுக்கு இங்கே பயிற்சி கொடுத்து, பையில் ஊற்றித் திரவ நைட்ரஜன் தொட்டியில் உறைய வைத்திருந்தார்கள். உள்ளங்கை அகலம்கூட இல்லாத ஒரு பை. அதைத் திருப்பி ஏற்றுவதற்கு முன்னால் உடம்பைத் துடைத்துத் தயார் செய்ய வேண்டும் என்று வியாழன் முதல் சனி வரை கடுமையான மருந்து கொடுத்தாகிவிட்டது. அவன் உடம்பில் இப்போது ஒரு சாதாரண சளியை எதிர்க்கக்கூட ஆள் இல்லை.

திங்கள் காலை பையை எடுக்க நான்காம் தொட்டியைத் திறந்தார்கள். அந்த இடம் காலி.

இன்று புதன். நாளைக் காலை எட்டு மணி வரைதான் காத்திருக்க முடியும் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள்.

சிக்ரிட்டின் போன் அடித்தது. மணி சரியாகப் பன்னிரண்டு. ஓரெஸ்ட்டின் மனைவி டார்கா. மணிக்கொரு தரம் கூப்பிடுவாள்.

"கெடச்சுதா மேடம்?"

"இன்னும் இல்லம்மா."

"சரி. அவரு கேட்டாரு. சர்ச்சுல பெரோகிக் கொழுக்கட்டை பண்ணுறோம், உங்களுக்கும் ஒரு டஜன் எடுத்து வெச்சிருக்கேன்." அவ்வளவுதான். வைத்துவிட்டாள்.

"திட்டினாக்கூடப் பரவாயில்ல ரெமி," என்றாள் சிக்ரிட். "சாப்பாடு எடுத்து வெக்கிறா."

*

ஆய்வுக்கூடத் தலைவர் டாக்டர் வாலஸ் ப்ரெண்டிஸின் அறையில் மேசை முழுவதும் கோப்பைகள். பாதி ஆராய்ச்சிக்குக் கிடைத்தவை, பாதி பனித்தரையில் கல்லைத் தள்ளி ஆடும் கர்லிங் ஆட்டத்தில் ஜெயித்தவை. அவருக்கு எதிரே உட்கார்ந்து சிக்ரிட் கைகளைத் தேய்த்துக்கொண்டாள்.

"அந்த பாஸ்டன் கம்பெனிக்காரனைப் புடிச்சீங்களா?" என்றார் ப்ரெண்டிஸ். "அவன்தான் எங்க பையைத் திருடியிருக்கணும். மூணு மாசமா எங்க முறையை விலைக்குக் கேக்கிறான்."

"புடிச்சோம். பத்து நாளா மெக்ஸிகோ கடற்கரையில இருக்கான்," என்றாள் சிக்ரிட். "அதுக்கு ஒரு நாள் போச்சு."

"போட்டோ கூட அனுப்பினான்," என்றான் ரெமி. "தொப்பையும் குடையும். எனக்கு ராத்திரி தூக்கம் வரல."

"கதவு அட்டைப் பதிவு?" என்றார் ப்ரெண்டிஸ்.

"ஞாயித்துக்கிழமை மட்டும் ஏழு பேர் உள்ள வந்திருக்காங்க. ஏன்னு கேட்டா செல்லுக்குத் தீனி போடணும், செல்லுக்கு லீவு கிடையாதுங்கிறாங்க. கேமராவுல பாத்தா நைட்ரஜன் புகைதான் நடமாடுது." சிக்ரிட் முன்னால் சாய்ந்தாள். "டாக்டர், அந்தப் பையில ஏதாவது பிரச்சினை இருந்ததா? யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"பிரச்சினையா? இங்க ஒவ்வொரு பைக்கும் ரெண்டு கையெழுத்து, மிஸ் தோர்சன். சீட்டு ஒட்டினவர் ஒண்ணு, பக்கத்துல நின்னு பார்த்தவர் ஒண்ணு. ஒட்டுறதுக்கு ரெண்டு, எடுக்கிறதுக்கு ரெண்டு, எரிக்கிறதுக்கும் ரெண்டு. இந்த நாட்டிலேயே சுத்தமான கூடம் இது."

"அப்புறம் எப்படிப் பை காணாமப் போச்சு?"

"திருடன் கையெழுத்துப் போட்டுட்டா எடுப்பான்?" என்று சீறினார் ப்ரெண்டிஸ். பிறகு தணிந்து, "எனக்குப் போலீஸ் வேண்டாம், பத்திரிகை வேண்டாம். பை வேணும். என் ஆளுங்களை நம்பி ஒண்ணும் ஆகாது. அந்த மரிசெல் இருக்காளே, ஒரு கையெழுத்துக்குப் பத்து நாள் இழுப்பா. அவளால போன வாரம் கழிவு வண்டி கூட வெறும் வண்டியாத் திரும்பிப் போச்சு."

"எனக்கும் அந்தம்மாவைத் தெரியும்," என்றான் ரெமி. "வருகைப் புத்தகத்துல என் கார் நம்பரை எழுதினேன். வெளிய போய், பனியைத் தட்டி நம்பரைப் பாத்துட்டு வந்து, 'ஏழு இல்ல, ஒண்ணு'ன்னு திருத்தச் சொன்னா. என் கார் நம்பர் எனக்கே அன்னிக்குத்தான் சரியாத் தெரிஞ்சுது."

சிக்ரிட் சிரிக்கவில்லை. எழுந்தாள்.

*

நடைபாதையில் இயந்திரக் காபியை வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றாள். ரெமி அதில் இரண்டு மடங்கு சர்க்கரை போட்டுக் கொடுத்திருந்தான். அப்படியும் கசந்தது.

"ரெமி, நீ திருடன். ஓரெஸ்ட்டைக் கொல்லணும், இல்ல இந்தக் கூடத்தைக் கெடுக்கணும். என்ன பண்ணுவ?"

"பையை எடுத்து மேசை மேல வெச்சுட்டு, காபி குடிக்கப் போயிடுவேன். அஞ்சு நிமிஷத்துல உருகிடும். திரும்ப வெச்சாக்கூடக் கண்டுபிடிக்க முடியாது."

"சரி. பையை விக்கணும். அப்போ?"

"விசேஷப் பெட்டி வேணும். அதைத் தூக்க ரெண்டு ஆள் வேணும். பெட்டி மூணும் இடத்துலதான் இருக்கு, எண்ணிட்டோம்."

"அப்போ கெடுக்கல, விக்கல. வெளியவும் போகல." காபியைக் குப்பையில் போட்டாள். "எடுத்தவன் அந்தப் பையைப் பத்திரமா வெச்சிருக்கான். மைனஸ் நூத்தித் தொண்ணூறுல. இந்த ரூமுக்குள்ள."

"ஆறு தொட்டியையும் பட்டியலோட ஒப்பிட்டாச்சு பாஸ். எல்லா இடத்துலயும் இருக்க வேண்டியது இருக்கு."

"பட்டியல்ல இருக்கிறதை மட்டும்தானே திறந்து பார்த்தோம்? திறக்காதது எது?"

ரெமி தாள்களைப் புரட்டினான். ஒரு வரியில் விரல் நின்றது. "அஞ்சாம் தொட்டி, பன்னிரண்டாவது அடுக்கு. 'டாக்டர் ஃபைஃபர். தொடாதீர்கள்.' இந்த ஆள் இங்க வேலை செய்யலையே?"

"போய் ஒன்பது வருஷம் ஆச்சாம். நேத்தே கேட்டேன். ஏன் தூக்கிப் போடலன்னு கேட்டதுக்கு, கொலை பண்ணச் சொன்ன மாதிரிப் பாத்தாங்க. அடுத்தவங்க செல்லை இங்க யாரும் தூக்கிப் போட மாட்டாங்க. என்னிக்காவது திரும்பி வந்து கேட்டா?"

"என் தங்கச்சி வீட்டு ஃப்ரீசர்லயும் ஒரு டப்பா இப்படி இருக்கு. அது என்ன கறின்னு கேட்டா அழுவா."

சிக்ரிட் அதற்குள் பாதி தூரம் போயிருந்தாள்.

ஐந்தாம் தொட்டியின் மூடி திறந்தது. புகை விலகியதும், பன்னிரண்டு அடுக்குகளின் கைப்பிடிகள் வட்டமாகத் தெரிந்தன. ஒவ்வொரு கைப்பிடியிலும் ஒரு பெயர்த் தகடு. எல்லாத் தகடுகள் மேலும் பனி பூத்திருந்தது. வாரத்துக்கு இரண்டு தடவை தூக்குகிற அடுக்குகளில்கூட எழுத்து மங்கித்தான் தெரிந்தது.

ஒன்றே ஒன்று மட்டும் கழுவித் துடைத்தது போலப் பளிச்சென்றிருந்தது. ஃபைஃபர். தொடாதீர்கள்.

"ஒன்பது வருஷமா யாரும் தொடாத அடுக்கு," என்றாள் சிக்ரிட் மெதுவாக. "இருக்கிறதுலயே சுத்தமா இருக்கு."

ரெமி தடித்த நீலக் கையுறையை மாட்டிக்கொண்டு அடுக்கை ஒரு சாண் தூக்கினான். மேல் தட்டில், பழைய குப்பிகளுக்குப் பக்கத்தில், ஓர் அலுமினிய உறை. அதன் மேல் எண்: 27. ஓரெஸ்ட் பாவ்லிக்கின் எண்.

"கேஸ் முடிஞ்சுது!" என்று கத்தினான் ரெமி. "பாஸ், அந்தப் பெரோகியில ஆறு எனக்கு. டாக்டரைக் கூப்பிடவா?"

"இரு. அது என்ன, பச்சையா?"

உறையைச் சுற்றிப் பச்சை டேப் ஒட்டியிருந்தது. அதில் பேனாவால் அழுத்தி எழுதிய இரண்டு வார்த்தை.

'கொடுத்துவிடாதீர்கள். கொல்லும்.'

ரெமியின் முகத்தில் சிரிப்பு அப்படியே உறைந்தது. அடுக்கை ஓசைப்படாமல் உள்ளே இறக்கினான்.

"இந்தக் கூடத்துல ஆளுக்கு ஒரு டேப் நிறம்," என்றாள் சிக்ரிட். "பாட்டில், ஸ்டாண்டு, சாப்பாட்டு டப்பா வரைக்கும் ஒட்டி வெச்சிருக்காங்க. பச்சை யாரு?"

ரெமிக்கு யோசிக்கத் தேவையிருக்கவில்லை. "என் கார் நம்பரைத் திருத்தினவங்க."

*

மரிசெல் தபுயான் ஓய்வறையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயதிருக்கும். அவள் முன்னால் பச்சை டேப் ஒட்டிய டப்பாவில் சேமியா ஆறிப் போயிருந்தது. சிக்ரிட் எதிரே உட்கார்ந்து, ஒன்றும் பேசாமல், பேப்பர் நாப்கினில் 12 என்று மட்டும் எழுதி நகர்த்தினாள்.

மரிசெல் அதைப் பார்த்தாள். முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"உருகிடலையே?" என்பதுதான் அவள் கேட்ட முதல் கேள்வி.

"இல்ல. பத்திரமா இருக்கு. எதுக்கு எடுத்தீங்க?"

"யாருமே கேக்கலீங்க, அதனால எடுத்தேன்!" குரல் உடைந்தது. உடனே சரிசெய்துகொண்டாள். "சீட்டு ஒட்டின பையோட குழாய்ல மிஞ்சற ஒரு சொட்டை நான் எப்பவும் எடுத்து வெப்பேன். வேற ஒரு ஆராய்ச்சிக்கு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் இருபத்தேழோட சொட்டைப் போட்டுப் பாத்தேன். ஆம்பளைக்கு இருக்க வேண்டிய ஒய் குரோமோசோம் அதுல இல்ல. ஒரு செல்லுல கூட இல்ல."

"அப்படின்னா?" என்றான் ரெமி.

"அந்தப் பைக்குள்ள இருக்கிறது பொம்பளை செல்."

ரெமி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"எண்ணைத் தவிர எங்களுக்குப் பேர் தெரியாது. இருபத்தேழு ஆம்பளைன்னு மட்டும் தெரியும்," என்று தொடர்ந்தாள் மரிசெல். "வேற யாரோட சண்டைக்கார செல்லோ, ஒண்ணுமே இல்லாத ஒரு உடம்புக்குள்ள போனா என்ன ஆகும்? அது எதிரியைத் தேடாது. அந்த உடம்பையே எதிரின்னு நினைச்சு அடிக்கும்."

"ப்ரெண்டிஸ் கிட்ட சொன்னீங்களா?"

"சனிக்கிழமை காலையில போன் பண்ணேன். கர்லிங் ஆடிட்டு இருந்தார். வயசான ஆம்பளைங்க ரத்தத்துல ஒய் சில சமயம் காணாமப் போகும்மா, படிச்சதில்லையான்னார். சில செல்லுல போகும் டாக்டர், எல்லாத்துலயுமா போகும்னு கேட்டேன். ரெண்டு கையெழுத்து இருக்கும்மா, போய் வேலையைப் பாருன்னார். தரப் பிரிவுக்குப் படிவம் அனுப்பினேன். பதில் வந்துது. அஞ்சு வேலை நாள்ல பாக்கிறோம்னு. திங்கக்கிழமை ஏத்தப் போறாங்க, அஞ்சு வேலை நாள்! மறுபடி அனுப்பினேன். அதுக்கும் அதே பதில், அதே நிமிஷத்துல. மெஷின்."

"வார்டுக்குச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேன். எந்த நோயாளின்னு கேட்டாங்க. எனக்குப் பேர் தெரியாதே! எண்ணைச் சொன்னா, உங்க தலைவரைப் பேசச் சொல்லுங்கன்னு வெச்சுட்டாங்க." கண்ணைத் துடைத்தாள். "ஞாயித்துக்கிழமை என் முறை. செல்லுக்குத் தீனி போட வந்தேன். எடுத்து ஒளிச்சு வெச்சேன். தூக்கிப் போட மனசு வரல. அது யாரோட உயிரோ."

ரெமி முதல்தடவையாக எந்த ஜோக்கும் அடிக்கவில்லை. பிறகு கேட்டான், "அப்போ ஓரெஸ்ட்டோட செல் எங்க?"

"தெரியல. அதான் மூணு நாளா சாப்பாடு எறங்கல. மறுபடி ரத்தம் எடுத்து வளர்த்தா ஆறு வாரம் ஆகும்." அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். எதிர்க் கட்டடத்து ஆறாவது மாடி அங்கிருந்தும் தெரிந்தது. "அவருக்கு ஆறு வாரம் இல்லையே?"

போன் அடித்தது. மணி ஒன்று. சிக்ரிட் எடுத்தாள்.

"கெடச்சுதா மேடம்?"

சிக்ரிட்டின் மூக்கு நுனி சிவந்தது. கிடைத்தது என்று சொன்னால் பொய். கிடைக்கவில்லை என்றாலும் பொய்.

"தேடிட்டு இருக்கேன்மா."

"சரி. அவருக்கு லேசா ஜுரம். கொஞ்சம்தான்." வைத்துவிட்டாள்.

சிக்ரிட் மேசையில் கை முஷ்டியை ஊன்றி எழுந்தாள். ரயில்வேயில் ஒரு தடவை இப்படித்தான் ஆயிற்று. ஒரு பெட்டி காணோம் என்று நாலு மாகாணத்தில் தேடினார்கள். பெட்டி எங்கேயும் போகவில்லை, அதன் சீட்டுதான் வேறு பெட்டியில் இருந்தது.

"ரெமி, ப்ரெண்டிஸ் பீரோவுல பை நிரப்பின தாள் இருக்கும். இருபத்தேழு என்னிக்கு நிரப்பினாங்க, அன்னிக்கு வேற எது நிரப்பினாங்கன்னு பாரு. சாவி நேத்தே குடுத்துட்டார். நான் லெஸ்டரைப் பாத்துட்டு வரேன்."

"லெஸ்டரையா? மறுபடி எண்ணணுமா?"

"அவர் எண்ணினதை நான் எண்ணணும்."

*

லெஸ்டர் எதையும் தூக்கிப் போடுகிறவர் இல்லை. எல்லா அலாரத் தாளும் தேதி வாரியாக ஆணியில் குத்தியிருந்தது. முப்பத்தெட்டுத் தாள்கள். சிக்ரிட் அடியிலிருந்து முதல் தாளை உருவினாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு மரிசெல்லையும் கூட்டிக்கொண்டு ப்ரெண்டிஸின் அறைக்குப் போனாள். ரெமி பழுப்புக் கோப்போடு ஏற்கெனவே அங்கே நின்றிருந்தான்.

மரிசெல்லைப் பார்த்ததும் ப்ரெண்டிஸின் புருவம் ஏறியது. "இவங்க எதுக்கு?"

"பையைக் கண்டுபிடிச்சாச்சு டாக்டர்," என்றாள் சிக்ரிட்.

"அற்புதம்! எங்க? இப்பவே வார்டுக்கு..."

"உக்காருங்க. ரெமி, படி."

ரெமி கோப்பைத் திறந்தான். "ஜனவரி பதினாலு. அன்னிக்கு ரெண்டு பை நிரப்பியிருக்காங்க. இருபத்தேழு, ஓரெஸ்ட் பாவ்லிக். சீட்டு ஒட்டின நேரம் ரெண்டு இருபது. இருபத்தெட்டு, யூனிஸ் ஃப்ரீசன், ஓய்வுபெற்ற டீச்சர். ஒட்டின நேரம் ரெண்டு முப்பது. ஒட்டினவர் கோரி. போன மாசக் கடைசியில கால்கரிக்கு வேலை மாறிப் போயிட்டார். பக்கத்துல நின்னு பாத்துச் சரின்னு கையெழுத்துப் போட்டவர், டாக்டர் வாலஸ் ப்ரெண்டிஸ். அழகான கையெழுத்து."

"அதுல என்ன தப்பு?" என்றார் ப்ரெண்டிஸ்.

சிக்ரிட் லெஸ்டரின் தாளை மேசையில் விரித்தாள்.

"அதே ஜனவரி பதினாலு. மொதல் அலாரம். ரெண்டு மணி அஞ்சு நிமிஷத்துல அடிச்சுது. ரெண்டு அம்பதுக்குத்தான் நிறுத்த முடிஞ்சுது. முக்கா மணி நேரம் எல்லாரும் வெளிய நின்னீங்க. கோரி, டிக். ரெண்டு ஒன்பது. வாலஸ் ப்ரெண்டிஸ், டிக். ரெண்டு பத்து. பக்கத்துல லெஸ்டர் குறிப்பு வேற எழுதியிருக்கார். 'டாக்டர் செருப்போடு வந்தார், என் கோட்டைக் கொடுத்தேன்.' ரெண்டு இருபதுக்கு நீங்க பையைப் பாக்கல டாக்டர். கார் நிறுத்தத்துல லெஸ்டர் கோட்டுக்குள்ள நடுங்கிட்டு இருந்தீங்க."

ப்ரெண்டிஸ் தாளை எடுத்துத் தூரத்தில் வைத்துப் பார்த்தார், கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். டிக் அழியவில்லை.

"நேரத்தைக் காலையிலயே போட்டு வெச்சுடுவோம்," என்றார் தாழ்ந்த குரலில். "கையெழுத்தும். நாள் பூரா அலைய முடியாது... எல்லாக் கூடத்துலயும் அப்படித்தான்."

"அலாரம் அடிச்சப்போ ரெண்டு பையும் எங்க இருந்துது?"

"மேசை மேல. ஒரு நேரத்துல ஒரு பைதான் இருக்கணும். அன்னிக்கு விடுமுறைக்கு அப்புறம் வேலை குவிஞ்சு கெடந்துது. ரெண்டையும் நிரப்பி வெச்சிருந்தோம். சீட்டு ஒட்டல. அலாரம் வந்ததும் அப்படியே விட்டுட்டு ஓடினோம். திரும்பி வந்து கோரி ஒட்டினான்."

"எது எதுன்னு அவருக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"இடது பக்கம் பாவ்லிக்..." என்று ஆரம்பித்த ப்ரெண்டிஸ் நிறுத்தினார். நெற்றியில் வியர்வை. "வலது பக்கமா?"

"ரெண்டும் ஒரே நிறம், ஒரே அளவு," என்றாள் மரிசெல். "ஒண்ணு ஆம்பளை, ஒண்ணு பொம்பளை. நான் சனிக்கிழமை இதைத்தான் சொன்னேன் டாக்டர்."

"இதை ஏன் எங்கிட்ட சொல்லல?" சிக்ரிட்டின் குரல் முதல்முறையாக உயர்ந்தது. "பிரச்சினை ஏதாவது இருந்ததான்னு கேட்டேனா இல்லையா? ரெண்டு நாள்! அதுல ஒரு நாள் மெக்ஸிகோவுல குடைக்கு அடியில திருடனைத் தேடிட்டு இருந்தேன்!"

"சம்பந்தம் இல்லைன்னு நினைச்சேன்..."

"அவர் அவங்களை நம்பல பாஸ்," என்றான் ரெமி. "அவர் நம்பினது தன்னோட கையெழுத்தை."

சிக்ரிட் மூச்சை இழுத்து விட்டாள். "சரி. ஓரெஸ்ட் பேர்ல இருக்கிறது யூனிஸ் டீச்சரோட செல். அப்போ டீச்சர் பேர்ல இருக்கிறதுதான் ஓரெஸ்ட். ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தா மரிசெல் ஒரு மணி நேரத்துல சொல்லிடுவாங்க. டீச்சருக்கு ஏத்தியாச்சா?"

"இல்ல. ஏத்தறதுக்கு முன்னாடியே அவங்க போயிட்டாங்க. நிமோனியா."

"அப்போ இருபத்தெட்டு இங்கதானே இருக்கணும்! எங்க?"

ப்ரெண்டிஸின் பார்வை சுவர்க் கடிகாரத்துக்குப் போனது. பிறகு மேசை மூலையில், எரிப்புப் படிவங்கள் வைக்கும், இப்போது காலியாக இருந்த தட்டுக்கு. அவர் முகம் வெளுத்ததைச் சிக்ரிட் பார்த்தாள்.

"இறந்தவங்க பையை நாங்க வெச்சிருக்க மாட்டோம்," என்றார். சொல் சொல்லாகத்தான் வந்தது. "புதன்கிழமை பத்து மணிக்குக் கழிவு வண்டி வரும். நேரா உலைக்கு. இன்னிக்குக் காலையில எட்டு மணிக்கு... நான்தான் கையெழுத்துப் போட்டேன்."

"பாத்துட்டா?" என்றான் ரெமி.

ப்ரெண்டிஸ் தலையைக் குனிந்துகொண்டார்.

ஜன்னலுக்கு வெளியே பனித்தூள் பறந்தது. சிக்ரிட் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இத்தனை வருடத்தில் தோற்ற கேஸ்கள் உண்டு. கண்டுபிடித்த பிறகு தோற்ற கேஸ் இதுதான் முதல்.

அவள் போன் அடித்தது. மணி இரண்டு. திரையில் டார்கா என்ற பெயர். எடுக்கவும் முடியவில்லை, நிறுத்தவும் முடியவில்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது.

மரிசெல் மட்டும் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். ரெமியின் கையிலிருந்த கோப்பில், அவன் விரலுக்குக் கீழே, அந்த எண்ணை. அவள் உதடு ஒரு தடவை அசைந்தது. இருபத்தெட்டு. தன் வெள்ளைக் கோட்டின் பையில் கையை விட்டு, நாலாக மடித்த ஒரு மஞ்சள் படிவத்தை எடுத்தாள். மேசையில் வைத்துப் பிரித்தாள். கீழே இரண்டு கட்டங்கள். ஒன்றில் ப்ரெண்டிஸின் அழகான கையெழுத்து. மற்றது வெறுமையாக இருந்தது.

"போனை எடுங்க மேடம்," என்றாள் மரிசெல். "எரிக்கிறதுக்கும் ரெண்டு கையெழுத்து வேணும், ரெண்டாவது என்னோடது. பையைக் கண்ணால பாக்காம நான் போடறதில்ல, எடுத்துக் காட்ட யாரும் வரல, அதனால ரெண்டு வாரமா வண்டி வெறும் வண்டியாத்தான் போயிட்டு இருக்கு. இருபத்தெட்டு இன்னும் ஆறாம் தொட்டியிலதான் இருக்கு."